ஸ்பெக்ட்ரத்தில் ஆன்டிபாடி தெரியாது

“முன்மூளையில் குளூட்டமேட் ஏறியிருக்கிறது, அப்படியென்றால் ஆட்டோஇம்யூன்தானே?” என்று, சைக்கோசிஸ் (மனப்பிறழ்வு) வந்த ஒருவரின் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எம்ஆர்ஐ கருவியால் மூளை ரசாயனங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி தரும் சிகர வரைபடத்தைக் காட்டி யாராவது கேட்டால் பதில் ஒரே சொல்தான்: இல்லை. உடலின் நோயெதிர்ப்பு, ஆன்டிபாடிகளால் சொந்த மூளையையே தாக்குவது ஆட்டோஇம்யூன் நோய். நரம்பணுக்களைத் தூண்டும் ரசாயனமான குளூட்டமேட் ஏற இறங்கவோ வேறு பல காரணங்களும் உண்டு. அவற்றில் சில நோயாளியின் மருந்துச் சீட்டிலேயே எழுதியிருக்கும். சில, வாக்செலை (அளக்கும் பெட்டியை) வைத்தவர் கைத்தவறாக இருக்கும். அதற்காக மூளை ரசாயனத்தை அளப்பதே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. எதற்கு அளக்கிறோம், அளக்கும் நாளில் வேறு எவற்றையெல்லாம் குறித்துவைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். 2007இல் ஜோசப் டால்மாவ் குழு, டெரட்டோமா என்ற கட்டி இருந்த 12 பெண்களிடம் (11 பேருக்குச் சினைப்பையில்), குளூட்டமேட்டை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டு எழுதியது. அவர்களில் பலருக்குத் தொடக்கமே மனநோய்போலத்தான் இருந்தது. பிறகு 2013இல் 577 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு கசப்பான விகிதம் தெரிந்தது: மூளை மின்னலைகளைப் பதியும் ஈஇஜி மாறியிருந்தது சுமார் 90 சதவீதத்தினருக்கு, மூளைத் தண்டுவடத் திரவம் மாறியிருந்தது சுமார் 79 சதவீதத்தினருக்கு, எம்ஆர்ஐ மாறியிருந்தது மூன்றில் ஒருவருக்கு மட்டும். அதாவது ஏற்பிகள் கூட்டம் கூட்டமாக நரம்பணுப் பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படும் ஒரு நோயில், சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலோருக்கு ‘நார்மல்’ என்றே வரும். உருவம் கெடாமல் வேலை மட்டும் கெடும் நோய் இது. ரசாயனத்தைப் படமெடுக்கும் ஆசை பிறந்தது இங்கேதான்.

வலிப்போ சுயநினைவுக் குறைவோ இல்லாமல், மனநோய் அறிகுறிகளோடு மட்டும் நின்றுவிடுகிறவர்கள் மிகக் குறைவு. 571 பேரைப் பார்த்த ஆய்வில் 23 பேர், சுமார் 4 சதவீதம். ஆகவே யாரைச் சந்தேகிப்பது என்பதற்கு ஒரு வரையறை தேவைப்பட்டது. தாமஸ் பொலாக் முதலானோர் 2020இல் வெளியிட்ட சர்வதேச ஒருமித்த கருத்து அதைத் தந்தது. மூன்று மாதத்துக்குள் சடுதியில் தொடங்கி வளர்ந்த சைக்கோசிஸ். அதோடு அண்மையில் கண்டறிந்த கட்டி, கேட்டடோனியா (உறைந்து அசைவற்றுப் போதல்) அல்லது வேறு இயக்கக் கோளாறு, மனநோய் மருந்து கொடுத்ததும் உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறுவது போன்ற மோசமான எதிர்வினை, அளவுக்கு மீறிய நினைவு மற்றும் அறிவாற்றல் குறைபாடு, சுயநினைவு மங்கல், வேறு காரணமில்லாத வலிப்பு, ரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் காரணமின்றி ஏறி இறங்குவது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் ‘சாத்தியம்’ என்ற படி. திரவத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 5க்கு மேல் வெள்ளணு, எம்ஆர்ஐயில் பொட்டெலும்பை ஒட்டிய உள்மடல்களில் இருபுறமும் வெண்மை, ஈஇஜி மாற்றம், திரவத்தில் அழற்சியைக் காட்டும் ஆலிகோக்ளோனல் பட்டைகள், சீரத்தில் (ரத்தத்தில்) ஆன்டிபாடி என்று சான்றுகள் சேரச் சேர ‘அநேகமாக’ என்ற படி. திரவத்திலேயே ஐஜிஜி வகை ஆன்டிபாடி இருந்தால் ‘உறுதி’.

இந்தப் பட்டியலில் ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மறந்துபோய் விட்டுவிட்டதல்ல அது.

சீரத்தை மட்டும் நம்பி ஓடுவதும் ஆபத்துதான். இங்கிலாந்தில் முதன்முறை சைக்கோசிஸ் வந்த 228 பேரைப் பெலிண்டா லெனாக்ஸ் குழு பரிசோதித்தபோது 7 பேருக்கு, அதாவது 3 சதவீதத்தினருக்கு, சீரத்தில் என்எம்டிஏ ஏற்பி ஆன்டிபாடி இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 105 பேரில் யாருக்கும் இல்லை. ஆனால் இந்த 7 பேரும் முழு மூளைக்காய்ச்சல் நோயாளிகள் அல்லர். சீரத்தில் குறைந்த அளவில் தெரியும் ஆன்டிபாடிக்கு என்ன பொருள் என்பது இன்றும் சண்டைக்குரிய கேள்வி. முதுகுத்தண்டில் நீர் எடுக்காமல் அந்தச் சண்டையில் இறங்குவதில் பயனில்லை.

ஏன் குளூட்டமேட்?

ஆன்டிபாடி, ஏற்பியின் குளுஎன்1 துணையலகில் போய் ஒட்டுகிறது. இரண்டு ஏற்பிகளை ஒன்றோடொன்று கோத்து அணுவுக்குள் இழுக்க வைக்கிறது. நரம்பணு சாவதில்லை, ஏற்பிதான் பரப்பிலிருந்து காணாமல் போகிறது. ஆன்டிபாடி போனால் திரும்பி வரும். நோய் முற்றிப்போன பிறகும் பலர் தேறிவருவதற்கு இதுதான் காரணம்.

என்எம்டிஏ ஏற்பி குறைந்தால் குளூட்டமேட்டின் வேலை குறையவேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. பார்வால்புமின் கொண்ட இடைநரம்பணுக்கள் இந்த ஏற்பியை நம்பித்தான் மற்ற அணுக்களுக்குக் கடிவாளம் போடுகின்றன. கடிவாளம் தளர்ந்தால் பிரமிடு அணுக்கள் தறிகெட்டு ஓடி, குளூட்டமேட் வெளியேற்றம் கூடும். இதே ஏற்பியை அடைக்கும் கெட்டமைன் கொடுத்துச் செய்த ஆய்வுகள் இதை ஓரளவு காட்டின. 2005இல் 4 டெஸ்லா (காந்தப்புல வலு) கருவியில் அளந்தபோது மூளையின் முன்புற சிங்குலேட் பகுதியில் ஏறியது குளூட்டமைன். எதிர்பார்த்த குளூட்டமேட் அல்ல. குளூட்டமேட் அணுவிலிருந்து வெளியேறினால் ஆஸ்ட்ரோசைட் என்ற துணையணு அதை எடுத்துக் குளூட்டமைனாக்கும் என்ற சுழற்சியை வைத்து அதை விளக்கினார்கள்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரோஸ்கோபி அளப்பது வாக்செலுக்குள் இருக்கும் மொத்தக் குளூட்டமேட்டை. அதில் பெரும்பகுதி அணுவுக்குள் சாப்பாட்டு வேலைக்காக, அதாவது ஆற்றல் வளர்சிதைக்காக, இருப்பது. சினாப்ஸ் இடைவெளியில் இருப்பது அதில் துளியிலும் துளி. ஆகவே “குளூட்டமேட் கூடியிருப்பதால் நரம்பு வெடித்துக்கொண்டிருக்கிறது” என்று எழுதுவது, ஊரின் மொத்த நெல் இருப்பைப் பார்த்து இன்றைய சந்தை விலையைச் சொல்வது மாதிரி.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் லுட்கர் டெபார்ட்ஸ் வான் எல்ஸ்ட், டொமினிக் எண்ட்ரெஸ் ஆகியோரின் குழு இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கிறது. சைக்கோசிஸ் நோயாளிகள் 180 பேரின் திரவத்தைத் தொகுத்து 2015இல் எழுதியவர்கள். அங்கே திரவம், ஈஇஜி, எம்ஆர்ஐ, மூளையின் சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் எஃப்டிஜி பெட் எல்லாவற்றையும் ஒரே நோயாளியிடம் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இருப்பதால்தான் ஸ்பெக்ட்ரத்துக்கும் பொருள் கிடைக்கிறது. தனியாக எடுத்த ஸ்பெக்ட்ரம் தனியாகவே நிற்கும்.

எந்தச் சிகரம் எதைச் சொல்லும், எது அதைப் பொய்யாக்கும்

3 டெஸ்லாவில், நீரின் சிகரம் 4.7 பிபிஎம்மில் (ஸ்பெக்ட்ரத்தின் கிடை அளவு). திசுவில் நீர் லிட்டருக்குச் சுமார் 40,000 மில்லி மோல். நாம் தேடுகிற பொருள்கள் 1 முதல் 12 மில்லி மோல். வைக்கோல் போரில் ஊசி என்பதெல்லாம் இதற்கு எளிய வேலை.

2.01இல் என்ஏஏ, நரம்பணுவின் நலம் சொல்லும். குறைந்தால் அணு செத்துவிட்டது என்று பதற வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா தடுமாறினாலும் குறையும், தேறினால் ஏறும். 3.03இல் கிரியேட்டின். 3.2இல் கோலின், சவ்வுகள் வேகமாகப் புதுப்பிக்கப்படும்போதும் அழற்சியிலும் ஏறும். 3.56இல் மயோ-இனோசிட்டால், கிளையா (துணை) அணுக்களின் அடையாளமாகச் சொல்லப்படுவது. 2.35 அருகே குளூட்டமேட், அதை உரசிக்கொண்டு 2.45இல் குளூட்டமைன். 1.33இல் லாக்டேட், இரட்டைச் சிகரமாக. 2.95 பக்கம் குளூட்டதயோன், 3.01இல் நரம்பணுக்களை அடக்கும் காபா. இந்தக் கடைசி இரண்டும் கிரியேட்டினின் நிழலில் ஒளிந்திருப்பவை. சாதாரண ஸ்பெக்ட்ரத்தில் அவற்றுக்கு மென்பொருள் தருகிற எண்ணை நம்பிவிடக் கூடாது.

அழற்சி என்றால் இனோசிட்டால் ஏறும் என்று பாடம் சொல்லும். ஆனால் இனோசிட்டால் மூளையின் சவ்வூடு சமநிலைப் பொருளும்கூட. ரத்தத்தில் சோடியம் நாட்பட்டுக் குறைந்திருந்தால், அணு வீங்காமலிருக்க இனோசிட்டாலை வெளியே தள்ளும். எல்ஜிஐ1 என்ற இன்னொரு ஆன்டிபாடியால் வரும் நோயில் சோடியம் குறைவது மிகவும் வழக்கம். ஆக, அழற்சி ஏற்றிவிட, சோடியக் குறைவு இறக்கிவிட, தாளில் ‘இனோசிட்டால் நார்மல்’ என்று வந்து நிற்கும். அன்றைய சோடியம் எண் கையில் இல்லாவிட்டால் அந்த நார்மலுக்கு அர்த்தமே கிடையாது. லித்தியம் இனோசிட்டால் சுழற்சியில் கைவைக்கும் மருந்து, அதையும் எழுதிவையுங்கள். கல்லீரல் கெட்டு அம்மோனியா ஏறியவருக்குக் குளூட்டமைன் ஏறி இனோசிட்டால் இறங்கும். வால்ப்ரோயேட் கொடுக்கும் நோயாளிக்கு அம்மோனியா பார்ப்பது இதற்காகவும் நல்லது.

கேட்டடோனியாவுக்கு லோராசிபம் ஊசி போட்டபின் எடுத்த ஸ்பெக்ட்ரத்தில் 1.1 பிபிஎம் அருகே ஓர் இரட்டைச் சிகரம் எழும். லாக்டேட் என்று படித்து மைட்டோகாண்ட்ரியா நோய்வரை போய்விட இடமுண்டு. அது புரொப்பிலீன் கிளைக்கால், ஊசி மருந்தின் கரைப்பான். டயாசிபம், ஃபெனிட்டாய்ன் ஊசிகளிலும் உண்டு. எக்கோ நேரத்தை (துடிப்புக்கும் சமிக்ஞையைப் படிப்பதற்கும் இடைப்பட்ட நேரம்) 144 மில்லி நொடிக்கு மாற்றினால் லாக்டேட் தலைகீழாகும், அதை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நினைத்தால், இதுவும் இரட்டைச் சிகரம் என்பதால் கூடவே தலைகீழாகும். பிரிப்பது இடம் மட்டுமே: 0.2 பிபிஎம், அதாவது 3 டெஸ்லாவில் சுமார் 25 ஹெர்ட்ஸ். அளவுகோல் சரியாக இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

சாப்பிடாமல் கிடந்தவருக்கு 2.2இல் அசிட்டோன் தெரியலாம். மெத்தில்பிரெட்னிசோலோன் 1 கிராம் வீதம் ஏறிக்கொண்டிருப்பவருக்குச் சர்க்கரை ஏறி 3.4 முதல் 3.9 வரை குளுக்கோஸ் தலைகாட்டும். இனோசிட்டாலின் அண்டை வீடு அது. மூட்டுவலிக்கு எம்எஸ்எம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 3.15இல் ஒற்றைச் சிகரம் எழுந்து கோலினோடு கலக்கும். விகாபாட்ரின், டோபிராமேட் இரண்டும் காபாவை ஏற்றும். மனநோய் மருந்து தொடங்கியபின் சிலரிடம் குளூட்டமேட் இறங்குவதைச் சில ஆய்வுகள் காட்டின. சைக்கோசிஸ் ஆய்வுகளையே எடுத்துக்கொண்டால், குளூட்டமேட் சில பகுதிகளில் கூடுதல் என்று ஒரு பக்கமும், 7 டெஸ்லாவில் அளந்தால் குறைவு என்று இன்னொரு பக்கமும் முடிவுகள் கிடக்கின்றன. தன்னுடல் தாக்கு வகையைச் சாதாரண வகையிலிருந்து இந்த ஒற்றை எண்ணால் பிரித்துவிட முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

ஆகவே ஸ்கேன் நாளன்று ஒரு தாளில் இருக்கவேண்டியவை: சோடியம், குளுக்கோஸ், அம்மோனியா, தைராய்டு, உடல் வெப்பம், கடைசி 24 மணி நேரத்தில் போட்ட ஒவ்வொரு ஊசியும் நேரத்தோடு, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, கடைசி வலிப்பு எப்போது. வலிப்பு வந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால் லாக்டேட் ஏறியிருக்கும். மயக்கம் கொடுத்து எடுத்தால் எந்த மருந்து என்பதும் வேண்டும். குழந்தைகளில் செவோஃப்ளூரேன் கொடுத்தபோது புரொபோஃபாலைவிட லாக்டேட் அதிகம் தெரிந்திருக்கிறது.

அளக்கும் வேலை

அறைக்குள் போகுமுன் பாதுகாப்பு. வாய் திறக்காத கேட்டடோனியா நோயாளியிடம் ‘உடம்பில் உலோகம் உண்டா’ என்று கேட்டுப் பயனில்லை. வீட்டாரிடம் கேட்க வேண்டும். ஐயமிருந்தால் மண்டை, மார்பு, வயிறு எக்ஸ்ரே. சைக்கோசிஸில் பொருள்களை விழுங்கியிருப்பவர்கள் உண்டு. ஈஇஜி முடித்துவிட்டு வருகிறவரின் முடிக்குள் எலக்ட்ரோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்; தலையைக் கையால் தடவிப் பாருங்கள். முதுகில் நிக்கோட்டின் பட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள், சிலவற்றின் பின்புறம் அலுமினியம்.

வரிசை முக்கியம். முதலில் 1 மி.மீ. டி1 முப்பரிமாணப் படம், அதன்மேல் வாக்செல், உடனே ஸ்பெக்ட்ரம். பிறகுதான் ஃப்ளேர், டிஃப்யூஷன் என்ற மற்ற எம்ஆர்ஐ படங்கள், கடைசியில் கான்ட்ராஸ்ட் மருந்தான கேடோலினியம். டிஃப்யூஷனை முன்னே வைத்தால் கிரேடியன்ட் சுருள்கள் சூடாகி, பிறகு ஆறும்போது அதிர்வெண் நிமிடத்துக்கு நிமிடம் நகரும். சிகரங்கள் அகலும், காபா திருத்த வரிசை பாழாகும். கேடோலினியம் முன்னே போனால் கோலின் சிகரம் கெடும். முதுகுத்தண்டு நீரும் இந்தப் படத்துக்குப் பிறகுதான். முன்னே எடுத்தால் மூளையுறை கான்ட்ராஸ்டில் மினுங்கி, அழற்சியோ என்று மயக்கும். ஆனால் ஸ்பெக்ட்ரத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்று முதுகுத்தண்டு நீரை இரண்டு நாள் தள்ளிப்போடுவது மன்னிக்க முடியாத தவறு. ஸ்பெக்ட்ரம் இல்லாமல் சிகிச்சை தொடங்கலாம்.

வாக்செல் எங்கே? முன்புற சிங்குலேட்டில், கார்ப்பஸ் கலோசம் முழங்காலுக்கு முன்னே, நடுக்கோட்டின் இருபுறமும் அமர 20 மி.மீ. கனசதுரம், 8 மி.லி. கீழே இறக்கினால் நெற்றிக் குழிக் காற்றும் சைனஸும் காந்தப்புலத்தைக் கெடுக்கும். முன்னே தள்ளினால் மண்டைத்தோல் கொழுப்பு 0.9, 1.3இல் வந்து விழும். லிம்பிக் அழற்சிக்கு ஹிப்போகேம்பஸ்தானே முறை என்று கேட்பீர்கள். முறைதான். ஆனால் பெட்ரஸ் எலும்பும் காற்றறைகளும் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே கிடைக்கும் ஸ்பெக்ட்ரத்தில் பாதி குப்பைக்குத்தான் போகும். அமைதியாகப் படுக்காத நோயாளியிடம் அதை முயல்வது நேர விரயம்.

பிரெஸ் என்ற வழக்கமான துடிப்பு வரிசையானால் எக்கோ நேரம் 30 மில்லி நொடி, மறு இடைவெளி 2000 மில்லி நொடி, 128 சராசரி. கணக்கு 4 நிமிடம் 16 நொடி. நீரை அடக்காமல் இன்னும் 8 முதல் 16 சராசரி. அது இல்லாமல் செறிவு கணக்கிட முடியாது. ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குதல்) முடிந்ததும் நீர்ச் சிகரத்தின் அரை உயர அகலம் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கவேண்டும். 15ஐத் தாண்டினால் தொடராதீர்கள். வாக்செலை 2, 3 மி.மீ. நகர்த்தி மறுபடி ஷிம் செய்வது, கெட்ட ஸ்பெக்ட்ரத்தோடு மென்பொருளில் மல்லுக்கட்டுவதைவிட மலிவு.

செமி-லேசர் என்ற இன்னொரு வரிசை இருந்தால் அதையே எடுங்கள். நிபுணர்களின் ஒருமித்த பரிந்துரையும் அதுவே. காரணம் எளிது. பிரெஸ்ஸின் மறுகுவிப்புத் துடிப்புக்கு அலைவரிசை அகலம் சுமார் 1200 ஹெர்ட்ஸ். என்ஏஏவுக்கும் இனோசிட்டாலுக்கும் இடைவெளி 1.55 பிபிஎம், அதாவது கிட்டத்தட்ட 200 ஹெர்ட்ஸ். ஆறில் ஒரு பங்கு. 20 மி.மீ. பக்கத்தில் 3 மி.மீ.க்கு மேல். திரையில் நீங்கள் வரைந்தது ஒரு பெட்டி. என்ஏஏ வருவது ஒரு பெட்டியிலிருந்து, இனோசிட்டால் வருவது சற்றுத் தள்ளிய இன்னொரு பெட்டியிலிருந்து. இதே காரணத்தால்தான் 3 டெஸ்லாவில் 144 மில்லி நொடி லாக்டேட் சில வேளை தன்னையே அழித்துக்கொண்டு ‘இல்லை’ என்று பொய் சொல்லும். 288 மில்லி நொடியில் திரும்பப் பாருங்கள். செமி-லேசருக்கு ஒரு விலையும் உண்டு: உடலில் இறங்கும் ரேடியோ ஆற்றல் அதிகம். 39 டிகிரி காய்ச்சலோடு வரும் கேட்டடோனியா நோயாளிக்கு மறு இடைவெளியைக் கூட்டி, சாதாரண இயக்க வரம்புக்குள் நிறுத்துங்கள்.

காய்ச்சலைப் பற்றிப் பேசும்போதே ஒன்று. நீர்ச் சிகரம் ஒரு டிகிரிக்கு 0.01 பிபிஎம் நகரும், என்ஏஏ நகராது. இரண்டுக்குமான தூரத்தை வைத்து மூளையின் வெப்பத்தையே கணக்கிடலாம். தன்னியக்க நரம்புகள் தடுமாறும் நோயில் இது அழகான ஓர் உபரித் தகவல். யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை.

காபா வேண்டுமானால் மெகா-பிரெஸ் என்ற திருத்த வரிசை: எக்கோ நேரம் 68 மில்லி நொடி, திருத்தத் துடிப்பு 1.9இலும் 7.5இலும் மாறி மாறி, 30 மி.மீ. கனசதுரம், 320 சராசரி, ஏறத்தாழ 11 நிமிடம். கிடைக்கும் சிகரத்தில் பாதியளவு பெருமூலக்கூறுகளுடையது. 11 நிமிடம் அசையாமல் படுக்கும் கடுமையான சைக்கோசிஸ் நோயாளி, ஏற்கெனவே லோராசிபம் போன்ற பென்சோடையசெபைன் நிறைய வாங்கியவராகத்தான் இருப்பார். அதனால் அந்த எண்ணை எதற்கென்று எடுக்கிறோம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

கருவி ஒவ்வொரு சராசரியையும் தனித்தனியே சேமிக்கும்படி செய்யுங்கள். சீமென்ஸில் ட்விக்ஸ் கோப்பு, ஜிஇயில் பி-ஃபைல். கன்சோலில் தெரியும் கூட்டிய ஸ்பெக்ட்ரம் மட்டும் கையில் இருந்தால், நோயாளி 70ஆம் சராசரியில் தும்மியதைப் பிரித்து நீக்க முடியாது. கன்சோலில் இடம் நிறைந்தால் இந்தக் கச்சாக் கோப்புகள்தான் முதலில் அழியும். அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

எண்ணாக்கும் வேலை

ஸ்பெக்ட்ரத்தை எண்ணாக்கும் மென்பொருள்களில் எல்சி மாடல் 1993இலிருந்து இருக்கிறது, இப்போது இலவசம். ஆஸ்ப்ரே திறந்த மூலம். காபாவுக்கு கேனட். எதைப் பயன்படுத்தினாலும் அடிப்படைத் தொகுப்பு (ஒவ்வொரு பொருளின் மாதிரி ஸ்பெக்ட்ரம்) உங்கள் வரிசைக்கும் எக்கோ நேரத்துக்கும் உரியதா என்று பாருங்கள். பிரெஸ் 30க்குச் செய்த தொகுப்பைச் செமி-லேசர் தரவின்மேல் ஏற்றினாலும் மென்பொருள் முகம் சுளிக்காமல் எண் தரும். குளூட்டமேட் எண்தான் அப்போது முதலில் கெடும். அடிக்கோட்டை எவ்வளவு வளைய விடுகிறோம் என்பதும் குளூட்டமேட்டை மாற்றும். எல்லா நோயாளிக்கும் ஒரே அமைப்பை வைத்திருங்கள்.

பிழை வரம்பு 20 சதவீதத்துக்கு மேலே போனால் எண்ணைத் தூக்கி எறி என்பது பலரும் பின்பற்றும் பழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சதவீதம், அளந்த செறிவால் வகுத்து வருவது. செறிவு உண்மையிலேயே குறைந்தவரிடம் அதே இரைச்சலுக்குச் சதவீதம் கூடும். அவரைத் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது செறிவு அதிகமுள்ளவர்கள் மட்டுமே. நோயாளிக் குழுவின் சராசரி தானாக மேலே ஏறிவிடும். அகலம், இரைச்சல் விகிதம், கண்ணால் பார்த்தது இவற்றை வைத்து நீக்குங்கள்.

திரவத் திருத்தம் (வாக்செலில் திசு அல்லாத திரவத்தின் பங்கைக் கணக்கில் கழித்தல்) செய்யாமல் ஒரு எண்ணையும் வெளியே விடாதீர்கள். ஒப்பீட்டுக் குழுவின் வாக்செலில் 10 சதவீதம் திரவம், நோயாளியிடம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். திசுவில் ஒரு மாற்றமும் இல்லாமலே நோயாளியின் எல்லாப் பொருள்களும் 6 சதவீத அளவுக்குக் குறைந்து தெரியும். கிரியேட்டினால் வகுத்துவிட்டால் இந்தச் சிக்கல் போய்விடும் என்பார்கள். போகும், வேறொன்று வரும்: கிரியேட்டினே மாறியிருந்தால் மற்றவை மாறியதாகத் தெரியும். இரண்டையும் கணக்கிட்டு, இரண்டும் ஒரே திசையில் போனால் மட்டும் பேசுங்கள்.

1.5 டெஸ்லா கருவியில் குளூட்டமேட்டையும் குளூட்டமைனையும் பிரித்து எழுதாதீர்கள். 3 டெஸ்லாவிலும் குளூட்டமைனைத் தனியாகச் சொல்வது துணிச்சல். கூட்டுத்தொகையைக் கொடுத்துவிட்டு, குளூட்டமேட்டைத் தனியே குறிப்பிடலாம்.

ஒரே நோயாளியைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளப்பதுதான் இந்தக் கருவிக்கு நியாயமான வேலை. அங்கும் கணக்கு உண்டு. ஒரே ஆரோக்கியமானவரைத் திரும்பத் திரும்ப அளந்தால் குளூட்டமேட் 6 சதவீதம் அலைகிறது என்றால், ஒரு நபரிடம் உண்மையான மாற்றம் என்று சொல்ல 2.77ஆல் பெருக்கிய அளவு, அதாவது 16, 17 சதவீதம் மாற்றம் வேண்டும். அதற்குக் குறைந்த மாற்றத்தை ‘இம்யூனோகுளோபுலினால் தேறியது’ என்று எழுதுவது கருவியின் இரைச்சலுக்குச் சிகிச்சைப் பலன் என்று பேர் வைப்பது. உங்கள் கருவியின் அலைவு எவ்வளவு என்பதை நீங்களே ஐந்தாறு பேரை இருமுறை அளந்து கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வேறிடத்து எண்ணைக் கடன் வாங்க முடியாது.

பெட் பற்றிக் கொஞ்சம்

எஃப்டிஜி பெட் ஸ்பெக்ட்ரத்தைவிடப் பேசக்கூடியது. என்எம்டிஏ ஏற்பி நோயில் பின்தலை மடல் இருண்டும் முன்மடலும் பொட்டெலும்பு மடலும் ஒப்பளவில் ஒளிர்ந்தும் தெரியும் சாய்வு பலமுறை பதிவாகியிருக்கிறது. எல்ஜிஐ1 நோயில் அடித்தள முடிச்சுகள் ஒளிரும். நான்கு மணி நேரமாவது பட்டினி, சர்க்கரை 160க்குள், சுமார் 185 மெகா பெக்கரல், அமைதியான அறையில் அரை மணி நேரத்துக்குக் குறையாத காத்திருப்பு. ஆனால் அந்தக் காத்திருப்பில் நோயாளி கண்ணை மூடிக்கொண்டிருந்தாலே பின்தலை மடல் மங்கும். மயக்க மருந்தில் தூங்கியவரின் படத்தில் ‘பின்தலைக் குறைவு’ என்று எழுதுமுன், செவிலியர் குறிப்பில் கண் திறந்திருந்ததா என்று பாருங்கள். பென்சோடையசெபைன் புறணி முழுவதையும் பொதுவாகத் தாழ்த்தும் என்பதால், தனி மதிப்பைவிட முன்-பின் விகிதத்தைப் பார்ப்பது பாதுகாப்பு. கிளையா அழற்சியைத் தேடும் டிஎஸ்பிஓ பெட்டில் வேறொரு தொல்லை: ஆர்எஸ்6971 மரபணு வகை தெரியாமல் படித்தால், பிடிப்புக் குறைவாகப் பிறந்தவரையும் அழற்சி இல்லாதவரையும் பிரிக்க முடியாது. சைக்கோசிஸில் அதன் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் இல்லை.

மறுமுறை அளக்கும்போது

முதல்முறை வைத்த வாக்செலின் மூன்று தளப் படங்களையும் சாய்வு எண்களையும் சேமித்திருந்தால்தான் மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் வைக்க முடியும். நினைவிலிருந்து வைத்தால் 4, 5 மி.மீ. விலகும். டி1 படத்தில் இரண்டு வாக்செலையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, எவ்வளவு மேற்பொருந்துகிறது என்று எண்ணாகவே எழுதுங்கள். ஸ்டீராய்டு நின்று எத்தனை நாள், சோடியம் எவ்வளவு, லோராசிபம் இன்னும் ஓடுகிறதா என்ற அதே தாளை மறுபடி நிரப்புங்கள்.

இடையில் கருவிக்கு மென்பொருள் மேம்படுத்தல் நடந்திருந்தால் துடிப்பின் வடிவமோ நீர் அடக்கும் முறையோ மாறியிருக்கலாம். திரையில் பெயர் மட்டும் பழையபடியே இருக்கும். மேம்படுத்தும் பொறியாளர் வருகிற தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதற்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் ஃபேன்டம் (சோதனைக் கரைசல்) குடுவையையும், முன்பு அளந்த அதே ஆரோக்கியமானவர்கள் இரண்டு மூன்று பேரையும் படுக்கவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். குடுவை மட்டும் போதாது. அது அசையாது, அதற்குக் காய்ச்சலும் வராது.